கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, புதூர் வழியாக விளாத்திகுளம் போகும் சாலையின் இரு பக்கமும் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் பாசியும் உளுந்தும் மக்காச்சோளமுமாகப் பச்சை பிடித்துக் கிடக்கும் காடு, மாசி பிறந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஒதுங்க நிழல் தேடினால் ஊருணிக் கரையிலும் வரப்போரத்திலும் நிற்கும் பனைகள்தான் கண்ணில் படும். தெற்கே வேம்பார் பக்கம் நெருங்க நெருங்க மண்ணின் நிறம் மாறும், பனையின் எண்ணிக்கை கூடும். சைக்கிளிலோ மொபட்டிலோ குடத்தைக் கட்டிக்கொண்டு பதநீர் விற்க வருபவர்களை இந்தச் சாலையில் பார்க்கலாம்.

“அண்ணாச்சி, காலையில எறக்குனதுதானா?”

“விடிய எறக்குனது தம்பி. குடிச்சுப் பாருங்க. புளிப்புத் தட்டுச்சுன்னா துட்டே குடுக்க வேண்டாம்.”

ஓலைப்பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடிப்பவருக்கு நாக்கில் முதலில் இனிப்பு தெரியும், அதன் பின்னால் லேசாக ஒரு சுண்ணாம்பு வாடை. அந்த வாடை சிலருக்குப் பிடிக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் குடத்தில் இருப்பது பதநீராகவே இருக்காது. அதே மரம், அதே பாளை, அதே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர் இறங்கும். தடவாமல் கட்டினால் நுரைத்துப் பொங்கும் கள் இறங்கும். இரண்டு நாள் அப்படியே விட்டால் கள்ளும் போய், மூக்கைத் துளைக்கும் காடிதான் மிஞ்சும்.

பனங்காட்டுப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது: ஒரு விரல் சுண்ணாம்பு அப்படி என்னதான் செய்கிறது?

பாளையில் வரும்போது

பாளை சீவிய இடத்தில் சொட்டும் சாறு ஏறக்குறைய சர்க்கரைத் தண்ணீர்தான். நூறு பங்கில் பத்து முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை. அதிலும் பெரும்பகுதி ஒரே வகைச் சர்க்கரை: சுக்ரோஸ். மளிகைக் கடைச் சீனியும் கரும்பு வெல்லத்தின் இனிப்பும் இதே பொருள்தான். மரம் தன் பூவுக்கும் காய்க்கும் அனுப்பிய சாப்பாட்டைப் பனையேறி வழியில் மறித்து வாங்கிக்கொள்கிறார்.

சுக்ரோஸின் மூலக்கூறைக் கைகோத்து நிற்கும் இரண்டு பேராக நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் குளுக்கோஸ், மற்றவர் பிரக்டோஸ். இருவருக்கும் நடுவில் பாலமாக ஓர் ஆக்சிஜன் அணு. அந்தப் பாலம் அறுந்தால் ஒரு சுக்ரோஸ் இரண்டு சிறிய சர்க்கரைகளாகும். கள்ளின் கதையும் கருப்பட்டியின் கதையும் அந்தப் பாலத்தில்தான் தொடங்குகின்றன.

மரத்துக்குள் ஓடும்வரை சாற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. வெட்டுவாயை விட்டு வெளியே வந்த கணமே ஆபத்து தொடங்கிவிடும். இனிப்பு மணத்துக்கு ஈயும் தேனீயும் குளவியும் வந்து மொய்க்கும். அவற்றின் காலிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் வரும். காற்றில் பறந்து வருவது போக, போன வாரத்துக் கலயத்தின் மண் துளைகளில் ஒளிந்திருப்பதும் உண்டு. மண்கலயத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஒவ்வொன்றும் ஈஸ்டுக்கு ஒரு வீடு. கள்ளுக் கலயத்தை வெறுமனே கவிழ்த்து வைத்தாலே அடுத்த கள்ளுக்கு வித்து கிடைத்துவிடுவது இதனால்தான். பதநீர்க் கலயத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, புதிதாகச் சுண்ணாம்பு தடவுவதும் இதற்காகத்தான்.

440 ஆண்டு வேலை

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துச் சும்மா வைத்திருந்தால் அந்தப் பாலம் தானாக அறுந்துவிடாதா? அறும். ஆனால் காத்திருக்க வேண்டும். கிருமி ஏதுமில்லாத, புளிப்பும் இல்லாத சுத்தமான நீரில், 25 டிகிரி வெப்பத்தில், கரைந்திருக்கும் சுக்ரோஸில் பாதி உடைவதற்கு ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகும் என்று அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டனின் குழு கணக்கிட்டிருக்கிறது. மதுரையில் திருமலை நாயக்கர் பிறந்த காலத்தில் கரைத்து வைத்த சர்க்கரைத் தண்ணீர் இன்றைக்குத்தான் பாதி உடைந்திருக்கும்.

கலயத்திலோ அந்த வேலை ஒரே இரவில் முடிந்துவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை உண்டாக்கும் பொருளுக்குத்தான் நொதி என்று பெயர். நொதி ஒரு புரதம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டு, அந்த மாலை குறிப்பிட்ட வடிவில் சுருண்டு மடிந்து உருவாவது. மடிப்புகளுக்கிடையே ஒரு குழி இருக்கும். குழிக்குப் பொருந்தும் மூலக்கூறு மட்டும் அதில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் நொதி வேலையை முடித்து வெளியே அனுப்பிவிட்டு அடுத்ததை ஏற்றுக்கொள்ளும். நொதி தேய்வதில்லை, தீர்ந்து போவதும் இல்லை.

சுக்ரோஸைப் பிரிக்கும் நொதிக்கு இன்வர்டேஸ் என்று பெயர். இங்கே அதைப் பிரிநொதி என்று சொல்லிக்கொள்வோம். ஈஸ்டு தயாரிக்கும் பிரிநொதியின் குழிக்குள் இரண்டு அமில முனைகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றை இரண்டு கைகள் என்று வைத்துக்கொண்டால் வேலை விளங்கிவிடும். சுக்ரோஸ் குழிக்குள் வந்ததும் ஒரு கை பிரக்டோஸைப் பற்றிக்கொள்கிறது. அதே நேரத்தில் மறு கை, தான் வைத்திருந்த ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அணுவின் கருவை, பாலத்து ஆக்சிஜனுக்கு நீட்டுகிறது. அதை வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் பிரக்டோஸை விட்டுவிட்டுக் குளுக்கோஸோடு போய்விடுகிறது. பாலம் அறுந்தது. பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு உள்ளே வந்து, பிடிபட்டிருக்கும் பிரக்டோஸையும் விடுவிக்கிறது. குழி காலி. இரண்டாவது கைக்குத் தண்ணீரிடமிருந்து மறுபடி ஒரு புரோட்டான் கிடைத்துவிடும். அடுத்த சுக்ரோஸ் வரலாம்.

நீட்டுவதற்கு அந்தக் கையில் புரோட்டான் இருந்தாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பின் கதையே இதற்குள்தான் இருக்கிறது.

வாசலில் நடக்கும் சமையல்

ஈஸ்டு தன் பிரிநொதியில் பெரும்பகுதியைச் செல்லுக்குள் வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சுவரில் நிறுத்தி வைக்கிறது. அங்கேயே சுக்ரோஸை உடைத்து, கிடைக்கும் சிறு சர்க்கரைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் அடுப்பு மூட்டிச் சமைப்பது போல. வாசலில் சமைத்தால் தெருவில் போகிறவர்களும் கை நீட்டுவார்கள் அல்லவா? 2009இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்த ஆய்வொன்று, ஈஸ்டு உடைக்கும் சர்க்கரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அதன் பிடியிலிருந்து நழுவி நீரில் கலந்துவிடுகிறது என்று காட்டியது. ஒரு பங்குதான் உடைத்த செல்லுக்கு உடனே கிடைக்கிறது.

வேதியியல் பாடப் புத்தகங்கள் இந்த நழுவலை ஒரு வரியில் கடந்துவிடும். கலயத்திலோ அதுதான் முக்கியமான நிகழ்ச்சி. சுக்ரோஸை உடைக்கத் தெரியாத பாக்டீரியாக்கள்கூட அந்த நழுவிய சர்க்கரையில் பசியாறிப் பெருகுகின்றன. அவற்றில் சில லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. தயிரைப் புளிக்க வைப்பது அதே அமிலம்தான். கலயம் புளிக்கத் தொடங்குகிறது. பிரிநொதிக்கோ கொஞ்சம் புளிப்பு இருந்தால்தான் வேலை மும்முரமாக ஓடும். ஒன்று மற்றொன்றை ஊக்குவிக்க, கரிசல் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பொதுவாக வெப்பம் 10 டிகிரி ஏறினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பதநீர்ப் பருவமோ கோடையை நடுவில் வைத்துக்கொண்டு வருவது.

ஒரு நொதி, மூன்று கண்டுபிடிப்புகள்

தமிழில் நொதி என்ற சொல் நொதித்தலிலிருந்து வந்தது. மாவு நொதித்துப் பொங்குவதைப் பார்த்தவர்கள் அதற்குக் காரணமான பொருளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில் ‘என்சைம்’ என்ற சொல்லை உருவாக்கியபோதும் இதே வழியில்தான் போனார். ‘ஈஸ்டுக்குள் இருப்பது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார்.

அதற்கு முன்பே, 1860இல், பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோ ஈஸ்டு ஊறிய நீரிலிருந்து பிரிநொதியைத் தனியே படிய வைத்துக் காட்டியிருந்தார். ஈஸ்டு உயிரோடு இல்லாமலே அந்தப் படிவு சர்க்கரையை உடைத்தது. ஆனால் சர்க்கரையைச் சாராயமாக்குவது உயிருள்ள ஈஸ்டால் மட்டுமே முடியும் என்று லூயி பாஸ்டர் உறுதியாக நம்பினார். அவருடைய சொல்லுக்கு அறிவியல் உலகில் பெரிய மதிப்பு இருந்ததால், அந்த எண்ணம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை.

அதை அசைத்தது ஜெர்மானியர் எட்வர்ட் பூக்னரின் ஒரு சோதனை. ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து சாறு எடுத்தார். மருத்துவ ஆய்வுக்கான அந்தச் சாறு கெட்டுப்போகாமல் இருக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டார். ஊறுகாய்க்கு உப்பு போடுவது போன்ற ஏற்பாடுதான். சாறோ கெடாமல் இருப்பதற்குப் பதிலாகக் குமிழி விட்டுப் பொங்கியது. உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத சாறு சர்க்கரையைச் சாராயமாக்கியது. 1897இல் அவர் இதை வெளியிட்டார், 1907இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. உயிர் செய்யும் வேலையை வேதியியல் கொண்டு விளக்கலாம் என்ற துணிவு அந்தச் சாற்றிலிருந்து பிறந்தது.

பிரிநொதியின் புகழ் அதோடு முடியவில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சென் என்ற டேனிஷ் வேதியியலாளர், நொதிகளின் வேகம் புளிப்பைப் பொறுத்து மாறுவதை அளக்க ஓர் அளவுகோல் இல்லாமல் தடுமாறினார். அவர் சோதித்த நொதிகளில் பிரிநொதியும் ஒன்று. அந்தத் தேவைக்காக 1909இல் அவர் வகுத்ததுதான் இன்று மண் பரிசோதனை அட்டையிலும் குடிநீர் அறிக்கையிலும் பார்க்கும் பி.எச். அளவு. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், அதாவது புளிப்பு. மேலே போகப் போகக் காரம். இது மிளகாய்க் காரம் அல்ல; சுண்ணாம்பின் காரம். நான்கு ஆண்டு கழித்து பெர்லினில் லியோனார் மிக்கேலிசும், கனடாவிலிருந்து வந்திருந்த மாட் மென்டன் என்ற பெண் மருத்துவரும் நொதிகளின் வேகத்துக்குப் பொது விதி கண்டுபிடித்தார்கள். உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் முதலில் படிக்கும் விதி அது. அவர்கள் சோதனைக்கு எடுத்ததும் பிரிநொதியைத்தான்.

கோபன்ஹேகனும் பெர்லினும் கண்ணாடிக் குடுவையில் அளந்து பார்த்த அதே போராட்டம், அதே ஆண்டுகளில் விளாத்திகுளத்துப் பனை உச்சியில் மண்கலயத்துக்குள் தினமும் நடந்துகொண்டிருந்தது.

கள்: பன்னிரண்டு கை மாறும் சர்க்கரை

பிரிநொதி செய்வது வெறும் தொடக்கம். செல்லுக்குள் போன குளுக்கோஸ் அதன்பின் ஒரு பட்டறை வரிசைக்குள் நுழைகிறது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளில் குச்சி அடுக்க ஓர் ஆள், மருந்து முக்க ஓர் ஆள், பெட்டியில் அடைக்க ஓர் ஆள், கட்டுப் போட ஓர் ஆள் என்று வேலை கைமாறிப் போகுமே, அதுபோல. ஈஸ்டின் வரிசையில் பன்னிரண்டு நொதிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிறு மாற்றத்தைச் செய்து அடுத்ததன் கையில் கொடுக்கிறது. முதல் பத்து நொதிகளின் வேலை முடியும்போது ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாகியிருக்கும். பதினோராவது நொதி ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு கார்பனைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிடுகிறது. பன்னிரண்டாவது, மிச்சமிருக்கும் இரண்டு கார்பன் துண்டில் ஹைட்ரஜனைச் சேர்த்து எத்தனால் ஆக்குகிறது. கள்ளின் போதை அதுதான்.

கணக்குப் பார்த்தால், 100 கிராம் குளுக்கோஸ் முழுவதும் இப்படி மாறினால் ஏறக்குறைய 51 கிராம் எத்தனாலும் 49 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். 49 கிராம் என்று சொன்னால் கொஞ்சமாகத் தோன்றும். கோடை வெப்பத்தில் அந்த வாயு 27 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். இரண்டு குடத்தளவு! கலயத்தின் வாயில் நுரை தள்ளி வழிவதற்குக் காரணம் இதுவே.

இந்த வேலைக்கு ஈஸ்டு மட்டும்தான் என்றில்லை. பனங்கள்ளில் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் உண்டு. மெக்சிகோவில் கற்றாழை இனச் செடியின் சாற்றிலிருந்து இறக்கும் ‘புல்கே’ என்ற மதுவிலிருந்து இதை 1920களில் பிரித்தெடுத்தார்கள். கடல் கடந்த அவர்களுடைய பானத்திலும் நம்முடைய பனங்கள்ளிலும் வேலை செய்பவர் ஒருவரே என்பது இனிய செய்தி. சைமோமோனாஸ் வேறு குறுக்குப் பாதையில் போகிறது. அந்தப் பாதையில் ஒரு குளுக்கோஸுக்கு அதற்குக் கிடைக்கும் ஆற்றல், ஈஸ்டுக்குக் கிடைப்பதில் பாதிதான். அதனால் பிழைப்பதற்காக அது சர்க்கரையை அவசர அவசரமாக விழுங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கள் அத்தனை விரைவில் முறுக்கேறுவதில் இந்த அவசரத்துக்கும் பங்கு உண்டு.

எத்தனால் ஐந்து விழுக்காட்டை ஒட்டி வரும்போது கலயத்துக்கு வேறு விருந்தாளி வந்து சேரும்: அசிட்டோபாக்டர். இதற்குக் காற்று வேண்டும். எனவே மேற்பரப்பில் ஏடு போலப் படர்கிறது. இதன் செல்லுறையில் பதிந்திருக்கும் இரண்டு நொதிகள், ஒன்றன்பின் ஒன்றாக எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து அதை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. கள் காடியாகிறது. இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து காடி செய்து சமையலுக்குப் பயன்படுத்துவது இந்த இரண்டு நொதிகளின் புண்ணியத்தில்தான். குடித்தவர் உடம்பில் கல்லீரலும் எத்தனாலை இதே இரண்டு படியில்தான் கரைக்கிறது, தன்னுடைய சொந்த நொதிகளைக் கொண்டு.

சுண்ணாம்பு செய்யும் மூன்று காரியங்கள்

இப்போது கலயத்துக்குத் திரும்பலாம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு நல்லது என்பார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12ஐத் தாண்டும். பிரிநொதி மும்முரமாக வேலை செய்வதோ நாலரையை ஒட்டி. இடைவெளி ஏழு, எட்டுப் படி. பி.எச். அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு. அதாவது, பிரிநொதி விரும்பும் இடத்தில் இருக்கும் புரோட்டான்களில் கோடியில் ஒன்றுகூடச் சுண்ணாம்பு நீரில் இருக்காது.

புரோட்டானை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய அந்தக் கை நினைவிருக்கிறதா? சுண்ணாம்பு அதைப் பறித்துவிடுகிறது. சுக்ரோஸ் வந்து குழியில் உட்கார்ந்தாலும் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. பாலம் அறுவதில்லை. காரம் மிகுந்தால் நொதியின் மடிப்பும் குலைந்து வடிவமே கலைந்துவிடும்.

இரண்டாவது காரியம், நுண்ணுயிர்களையே பெருக விடாமல் அடக்குவது. ஈஸ்டுக்கும் லாக்டிக் பாக்டீரியாவுக்கும் அந்தக் காரத்தில் வாழத் தெரியாது. புதிதாக நொதி தயாரிக்க ஆளில்லாமல் போகிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கிருமியை அடக்குவதுதான் நோக்கம் என்றால் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் என்ன? கடும் புளிப்பிலும் பல நுண்ணுயிர்கள் அடங்கும், ஊறுகாயே சாட்சி. ஆனால் சுக்ரோஸின் பாலம் புளிப்புக்கு முன் தாங்காது. அமிலமே புரோட்டானைக் கொடுத்து, நொதியின் உதவியில்லாமல் பாலத்தை அறுத்துவிடும். காய்ச்சும்போது வேகம் இன்னும் கூடும். காரத்திலோ அந்தப் பாலம் உறுதியாக நிற்கும். நுண்ணுயிரை அடக்க வேண்டும், சர்க்கரையும் உடையக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பொருளில் விடை கண்டவர்கள் மரம் ஏறியவர்கள். எந்தத் தலைமுறையில், எத்தனை கலயம் கெட்ட பிறகு கண்டார்களோ, அது எழுதி வைக்கப்படாத அறிவு. ஆனால் ஆய்வகத்தில் அளந்து பார்த்தாலும் அதைவிடப் பொருத்தமான விடை கிடைப்பது கடினம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு ஒரு முறையை உருவாக்கியிருக்கிறது. பாளையில் பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டி, குளிரிலேயே சாற்றை இறக்குகிறார்கள். ‘கல்பரசா’ என்று அதற்குப் பெயர். குளிரில் நொதியின் கை மந்தமாகிவிடும், சுண்ணாம்பு வாடையும் இருக்காது. உயரமான பனை உச்சிக்குத் தினம் இரண்டு வேளை பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா என்பதுதான் கேள்வி.

பதம்

சுண்ணாம்பு ஒருமுறை தடவினால் நிரந்தரக் காவல் என்று எண்ணக் கூடாது. தப்பிப் பிழைத்த பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் சுண்ணாம்பைத் தின்னும். காற்றிலிருந்தும் கரியமில வாயு வந்து சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக மாற்றி வலுவிழக்கச் செய்யும். சுண்ணாம்பு தீர்ந்த நிமிடம் பி.எச். சரியத் தொடங்கும், பிரிநொதியின் கைக்குப் புரோட்டான் வந்துவிடும். ஆகவே எவ்வளவு தடவுவது என்பது பெரிய கணக்கு. வெயில், மரம் விடும் சாற்றின் அளவு, கலயம் புதிதா பழையதா, இறக்க எவ்வளவு நேரமாகும் என்று எல்லாவற்றையும் மனதில் வைத்து விரலால் அளக்கிறார் பனையேறி. வெட்டுவாயைக் காலையும் மாலையும் பாளை அருவாளால் மெல்லிசாகச் சீவிவிடுவதும் இதே காவலின் பகுதிதான். பழைய வெட்டில் நுண்ணுயிர் படிந்தால் துளைகள் அடைந்து சாறு நின்றுவிடும்.

அளவு தப்பினால் அடுப்படியில் தெரிந்துவிடும். பதநீரை வடிகட்டி, அகலப் பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த பனைமட்டையும் ஓலையும் எரித்துக் காய்ச்சுகிறார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை இது. மூன்று நான்கு மணி நேரம் புகையிலும் அனலிலும் நிற்க வேண்டும். கொதி ஏறிப் பொங்கி வழியப் பார்க்கும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைச் சிறிதளவு போடுவார்கள். அந்த எண்ணெய் நுரையின் படலத்தை உடைத்து அமர்த்திவிடும். பாகு தடித்து வந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம். உடனே இறக்கிக் கிண்டி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார்கள். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும்.

பாகு இறுகுவது சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி நிற்பதால்தான். சாற்றில் பிரிநொதி நுழைந்து பாதி வேலையைச் செய்து விட்டிருந்தால், குளுக்கோஸும் பிரக்டோஸும் அந்த வரிசைக்குள் புகுந்து அடுக்கைக் கலைத்துவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இழுவையாகவே நிற்கும், சிரட்டையில் ஊற்றினாலும் இறுகாது, இறுகினாலும் மழைக்காலக் காற்றில் கசிந்து ஒழுகும். நிறமும் கறுத்துப் போகும், ஏனென்றால் இந்தச் சிறு சர்க்கரைகள் காரத்தோடு சேர்ந்து காய்ந்தால் சீக்கிரம் பழுப்பேறும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பாகு வைப்பவர்களும் இதை அறிவார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயின் மொறுமொறுப்பு, வெல்லத்தில் சுக்ரோஸ் எவ்வளவு முழுசாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

சுண்ணாம்பு மிகுந்தாலும் கேடுதான். நாக்கு பொத்துப்போகும், கருப்பட்டியின் ருசி கெடும். பனங்கற்கண்டு செய்யும்போது, கூடுதலான சுண்ணாம்பை சூப்பர் பாஸ்பேட் போட்டுப் படியவைத்துத் தெளிவை மட்டும் எடுத்துக் காய்ச்சுவது வழக்கம். பிறகு பாகைப் பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் விட்டால் நூலைப் பற்றிக்கொண்டு கற்கள் விளையும். உடையாத சுக்ரோஸ் மட்டுமே அப்படிக் கல்லாகும். ஒரு பனங்கற்கண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பிரிநொதியின் கைக்குச் சிக்காமல் தப்பிய சர்க்கரை அது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதநீர் இறக்கலாம். ஒரே கலயத்தில் இருப்பது விற்கத் தகுந்த பானமா, வழக்குக்குரிய பொருளா என்பதை முடிவு செய்வது அந்தச் சுண்ணாம்புதான். வெயில் கூடிய ஒரு நாளில் சுண்ணாம்பு விரைவில் தீர்ந்து, இறக்குவதற்குள் சாறு லேசாக நுரைத்துவிட்டால் பனையேறியின் நிலைமை என்ன? நொதியின் வேகத்துக்கு அவரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. சட்டத்தை நடத்துபவர்கள் இந்த வேதியியலைக் கொஞ்சம் அறிந்திருந்தால் நல்லது.

இந்தச் சாலையில் பதநீர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அழுக்கல்ல, சுண்ணாம்பு. கலக்காமல் மேலாக ஊற்றிக் குடியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி, மூடியை இறுக்காமல் வைத்து, போனதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எப்படியும் அன்று மாலைக்குள் குடித்துவிடுங்கள்.